ஏழு நாள் அவகாசம்

ஜூன் 3, திங்கள்

இன்று முதல் நான் முதலாளி. ஊழியரும் நானே, டீ போடுகிறவளும் நானே.

இணையத்தில் தொழில் நடத்தக் கற்றுத்தரும் ஒரு வகுப்பில் பணம் கட்டிச் சேர்ந்திருக்கிறேன். அன்றன்றைய வேலையை அன்றன்றே எழுதி வையுங்கள் என்கிறார் அந்தப் பயிற்சியாளர். முதல் நாள் பாடம், நீங்கள் யார் என்று எழுதுவது. பூச்சிமருந்துக் கடையில் கொடுத்த டைரி ஒன்று சும்மா கிடந்தது. அதில் எழுதுகிறேன்.

பெயர் பானுரேகா. ஊர் ஈரோடு. வயது முப்பத்தேழு. பன்னிரண்டு வருடம் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் வரிக்கணக்கு பார்த்தேன். போன மாதம் விலகினேன். இப்போது வீட்டிலிருந்தபடியே, எந்த ஊர்க்காரருக்கும் இணையம் வழியாகக் கணக்குப் பார்த்துத் தருகிறேன். தொழிலின் பெயர் ‘கணக்குத்துணை’. கணவர் சிவநேசன் மஞ்சள் கிடங்கில் மேற்பார்வையாளர். வீடியோவில் பின்னால் துணிக்கொடி தெரியக்கூடாது என்று பீரோவை நகர்த்திக் கொடுத்தார். அதற்குப் பிறகு இடுப்பைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டார்.

பழைய அலுவலகத்து வாடிக்கையாளர்களில் ஆறு பேர் என்னோடு வந்திருக்கிறார்கள். நான் யாரையும் அழைக்கவில்லை. விலகுகிறேன் என்று போனில் சொன்னேன், அவ்வளவுதான். கட்டணம் எவ்வளவு குறையும் என்பதையும் சொன்னேன். ஆடிட்டருக்கு என்மேல் அடங்காத கோபம். என்னோடு யாரும் பேச்சு வைத்துக்கொள்ளக்கூடாது என்று அலுவலகத்தில் உத்தரவாம்.

ஆறு பேரின் ஜி.எஸ்.டி. பதிவிலும் மின்னஞ்சலை என்னுடையதாக மாற்றிவிட்டேன். இந்தத் தொழிலில் எல்லோரும் செய்வதுதான். கடைக்காரர்கள் மின்னஞ்சல் பார்ப்பதில்லை, நோட்டீஸ் வந்தால் நம்மிடம் வந்தால்தான் நல்லது. கைபேசி எண் மட்டும் இன்னும் பழைய அலுவலகத்து எண்ணாகவே இருக்கிறது. அந்தப் போன் சுகந்தியிடம் இருக்கும். பன்னிரண்டு வருடமும் என் பக்கத்து மேஜை அவள். அதையும் மாற்ற வேண்டும்.

ஜூன் 11, செவ்வாய்

முதல் வீடியோ போட்டேன். பார்த்தவர்கள் நாற்பத்தொரு பேர். அதில் ஒன்பது முறை பார்த்தது நான்.

ஜூன் 19, புதன்

இணையம் வழியாகத்தான் தொழில் என்று எத்தனை முறை சொன்னாலும் மயிலாத்தாள் அக்காவுக்கு ஏறுவதில்லை. பஸ் பிடித்து நேரிலேயே வந்துவிட்டார். ஆறு பேரில் ஒருவர். வயது ஐம்பத்தைந்து இருக்கும். மொடக்குறிச்சிப் பக்கம் மசாலாப் பொடி அரைத்து விற்கிறார். தும்மல் வராமல் அவரோடு பத்து நிமிடம் உட்கார முடியாது.

வந்த விஷயம் பெரியது. ஒரு கல்லூரி விடுதிக்கு வருடம் முழுக்கச் சாம்பார்ப் பொடியும் மிளகாய்ப் பொடியும் கொடுக்கும் ஆர்டர் கிடைத்திருக்கிறது. ஆகஸ்ட் முதல் தேதி முதல் லோடு போக வேண்டும். பழைய கடை போதாது என்று ஒரு ஷெட்டை வாடகைக்குப் பிடித்து, கடன் வாங்கிப் பெரிய அரவை மிஷின் இறக்கி, இரண்டு பெண்களையும் வேலைக்கு வைத்துவிட்டார். பழைய கடையைப் பூட்டிச் சாவியைக் கொடுத்தாயிற்று. ஷெட்டின் வாடகை ஒப்பந்தத்தை என் கையில் கொடுத்து, ஜி.எஸ்.டி.யில் முகவரியை மாற்றச் சொன்னார்.

“இந்த ஆர்டர் நெலச்சு நின்னுச்சுன்னா நானும் நின்னுக்குவேன் அம்மிணி. போச்சுன்னா மிஷினு போயிரும்.”

பத்து நிமிட வேலை, இன்றே செய்துவிடுகிறேன் என்றேன்.

ஜூன் 28, வெள்ளி

நாள் முழுக்க ‘கணக்குத்துணை’ இணையப் பக்கத்துக்கு என்ன நிறம் வைப்பது என்று யோசித்தேன். மஞ்சளா, நீலமா? கடைசியில் பச்சை. துபாயில் இருக்கும் ஒருவர் ஊரில் உள்ள தன் கட்டட வாடகைக் கணக்கைப் பார்க்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார். வெளிநாட்டு வாடிக்கையாளர்! பயிற்சியாளரின் குழுவில் போட்டேன், கைதட்டல் படமாகக் குவிந்தது.

செய்ய வேண்டியவை பட்டியலில் நேற்றைய நான்கு அப்படியே இன்றைக்கு வந்திருக்கின்றன. நாளை முடித்துவிடலாம்.

ஜூலை 9, செவ்வாய்

காலையில் மூன்று பேரோடு வீடியோவில் பேசினேன். இரண்டு பேர் சேர்ந்துவிட்டார்கள். மூன்றாமவர் தன் மனைவியைக் கேட்டுச் சொல்கிறேன் என்றார். நல்ல மனிதர்.

சுகந்தி வாட்ஸ்அப்பில் குரல்செய்தி ஒன்று அனுப்பியிருக்கிறாள். முப்பத்தெட்டு விநாடி. திறக்கவில்லை. நான் போனதிலிருந்து என் வேலையும் அவள் தலையில் விழுந்திருக்கும், அதைச் சொல்லிக் குத்திக்காட்டத்தான் இருக்கும். பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

ஜூலை 10, புதன்

சுகந்தியின் எண்ணிலிருந்து சத்தம் வராதபடி வைத்தேன். வேலை நேரத்தில் கவனம் சிதறக்கூடாது என்று வகுப்பிலும் சொல்கிறார்கள்.

ஜூலை 24, புதன்

இருபதாவது வாடிக்கையாளர். மாலையில் சிவநேசன் இனிப்பு வாங்கி வந்தார். ஒன்றுக்கு மேல் இறங்கவில்லை. ஏனென்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 1, வியாழன்

நடந்ததை ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

காலை பதினோரு மணிக்கு மயிலாத்தாள் அக்கா கூப்பிட்டார். விடுதி வாசலில் நின்றுகொண்டு பேசினார். எண்பது கிலோ பொடியோடு வண்டி போயிருக்கிறது. அங்கே சரக்கு வாங்கும் மேனேஜர் முதல் பில்லைப் பதிவதற்கு முன் ஜி.எஸ்.டி. எண்ணைப் போட்டுப் பார்த்திருக்கிறார். ரத்து என்று வந்திருக்கிறது. ரத்தான எண்ணில் பில் வாங்க முடியாது, சரக்கைத் திருப்பி எடுத்துப் போங்கள் என்று சொல்லிவிட்டார்.

“ஏன் அம்மிணி, நம்ம நம்பரு செத்துப்போச்சுங்கறாங்களே?”

அவர் லைனில் இருக்கும்போதே கணினியில் பார்த்தேன். உண்மைதான். ஜூலை முதல் வாரத்தில் அதிகாரிகள் பழைய கடைக்குப் போயிருக்கிறார்கள். பூட்டியிருந்தது. அங்கே தொழிலே நடக்கவில்லை என்று எழுதி, ஜூலை 8-ஆம் தேதி நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார்கள். ஏழு வேலை நாளுக்குள் பதில் கொடுத்திருக்க வேண்டும். யாரும் கொடுக்கவில்லை. 22-ஆம் தேதி பதிவை ரத்து செய்துவிட்டார்கள்.

முகவரி மாற்றத்துக்கு நான் விண்ணப்பிக்கவே இல்லை. அந்த வாடகை ஒப்பந்தம் பிரின்டருக்கு அடியில் இருக்கிறது.

அக்கா போனில் காத்துக்கொண்டிருந்தார். ஏதாவது சொல்லியாக வேண்டும். நோட்டீஸ் வந்தது பழைய அலுவலகத்துப் போனுக்கு, அங்கிருந்து யாரும் எடுத்துச் சொல்லவில்லை என்றேன். பொய்யில்லை. பதிவில் இருப்பது அந்த எண்தான், அதற்குத்தான் குறுஞ்செய்தி போயிருக்கும். அந்தப் போனை யார் வைத்திருப்பது என்று கேட்டார். சுகந்தி என்றேன். கேட்டால் சொல்லாமல் எப்படி இருப்பது?

ஆகஸ்ட் 2, வெள்ளி

ரத்தை நீக்கக் கோரி விண்ணப்பம் போட்டேன். முகவரிச் சான்று, மின்கட்டண ரசீது, மிஷின் முன்னால் அக்கா நிற்கும் படம், எல்லாம் இணைத்தேன். பத்து நிமிட வேலை என்று சொன்னது உண்மைதான். பதினைந்து நிமிடம் ஆயிற்று.

மின்னஞ்சலையும் பார்த்தேன். நோட்டீஸ் எனக்கும் வந்திருக்கிறது. விளம்பர மின்னஞ்சல்களோடு ஒரு ஓரத்தில் கிடந்தது. இதை அக்காவிடம் சொல்லி ஆகப்போவது என்ன? காரியம் முடிந்தால் போதும்.

ஆகஸ்ட் 5, திங்கள்

மயிலாத்தாள் அக்கா பழைய அலுவலகத்துக்குப் போயிருக்கிறார். அவரே போன் செய்து சொன்னார். ஹாலின் நடுவில் நின்று, ஆடிட்டர், வேலையாட்கள், வந்திருந்த வாடிக்கையாளர்கள் அத்தனை பேர் முன்னாலும் சுகந்தியைப் பிடிபிடியென்று பிடித்திருக்கிறார். கணக்கை மாற்றிக்கொண்டு போனதற்காக வஞ்சம் வைத்து நோட்டீசை மறைத்தாயா, உன் வீட்டு அடுப்பு எரிகிறது, என் அடுப்பு அணைய வேண்டுமா என்றெல்லாம் கேட்டாராம்.

அவள் என்ன சொன்னாள் என்று கேட்டேன். குரல் சாதாரணமாக வரவேண்டுமே என்று தண்ணீர் குடித்துவிட்டுத்தான் கேட்டேன்.

“வாயே தொறக்கல அம்மிணி. தப்பு அவ பேருல, என்னத்தச் சொல்லுவா?”

நான் ஊம் போட்டேன்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

புது வீடியோ எடுக்க உட்கார்ந்தேன். தலைப்பு: உங்கள் கணக்காளரை நம்பலாமா? எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 14, புதன்

பழைய அலுவலகத்துக்குக் கீழே உள்ள ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். வேறு கடை இல்லாமல் இல்லை. அங்குதான் போக வேண்டும் போலிருந்தது. கடைக்காரர் கேட்காமலே சொன்னார். சுகந்தியை வரிப்பிரிவிலிருந்து எடுத்துவிட்டார்களாம். வாசல் மேஜையில் உட்கார்ந்து, வருகிறவர்களிடம் காகிதம் வாங்கி முத்திரை குத்திக் கொடுக்கிறாளாம். இந்த வருடச் சம்பள உயர்வும் கிடையாதாம். அந்தப் போன் புதிதாகச் சேர்ந்த பெண்ணிடம் போய்விட்டது. சுகந்தியின் கணவர் டயாலிசிஸில் இருக்கிறார், அவள் சம்பளத்தில்தான் வீடு நடக்கிறது. இது எனக்கு எப்போதும் தெரியும்.

மாடிப்படி வரை போய்த் திரும்பி வந்தேன். ஜெராக்ஸ் எடுக்க மறந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 23, வெள்ளி

ரத்து நீங்கிவிட்டது. அதிகாரி நேரில் வந்து ஷெட்டைப் பார்த்துவிட்டுப் போனார். எண் உயிரோடு இருக்கிறது.

ஆனால் விடுதி ஆர்டர் போய்விட்டது. பிள்ளைகளுக்குச் சாப்பாடு நிற்கக்கூடாதே, சேலத்துக்காரர் ஒருவரோடு அடுத்த ஜூன் வரை எழுதிக்கொண்டார்களாம். அக்கா புதிதாகச் சேர்த்த இரண்டு பெண்களையும் நிறுத்திவிட்டார். மிஷின் மதியத்தோடு ஓய்ந்துவிடுகிறதாம். தவணை மட்டும் ஓயவில்லை.

இவ்வளவையும் சொல்லத்தான் நேரில் வந்தாரென்று நினைத்தேன். இல்லை. எனக்கு நன்றி சொல்ல வந்திருந்தார். இரண்டு கிலோ சாம்பார்ப் பொடி, கூடவே தம்பியும் தம்பியின் சம்பந்தியும். ஒருவருக்கு அரிசி மண்டி, இன்னொருவருக்குச் செருப்புக் கடை. இருவர் கணக்கையும் இனி நான்தான் பார்க்க வேண்டுமாம்.

“இந்தப் புள்ள இல்லீன்னா என்ற நம்பரு சாம்பலாயிருக்கும். இருவது நாள்ல மீட்டுக் குடுத்துது.”

அவர்கள் எதிரில் சிரித்தேன். ஒப்புக்கொண்டு இரண்டு பேரின் விவரங்களையும் எழுதி வாங்கினேன். அவர்கள் போனதும் அந்தப் பொடியைக் கண்ணில் படாதபடி பரணில் ஏற்றி வைத்தேன். பொடி நெடி என்று சிவநேசனிடம் சொன்னேன்.

ஆகஸ்ட் 24, சனி

ஜூலை 9-ஆம் தேதி இதில் எழுதியது பொய்.

டைரியில்கூடப் பொய் எழுதுகிறவள் உண்டா? நான் எழுதியிருக்கிறேன். அந்தக் குரல்செய்தியை அன்று அப்போதே திறந்தேன். முழுதும் கேட்டேன். சுகந்தி மாடிப்படியில் நின்று ரகசியமாகப் பேசியிருந்தாள். மயிலாத்தாளுக்கு நோட்டீஸ் வந்திருக்கிறது, பழைய கடைக்கு ஆள் போயிருக்கிறார்கள், ஏழு நாள்தான் அவகாசம், உடனே பார், நான் சொன்னதாக எங்கேயும் சொல்லிவிடாதே, ஆடிட்டருக்குத் தெரிந்தால் என் கதி அவ்வளவுதான் என்றாள்.

கேட்டதும் எனக்கு வந்தது கோபம். நான் இல்லாமல் உன்னால் முடியாது என்று அவள் சொல்வதுபோல எனக்குப் பட்டது. எனக்குத் தெரியாதா, பார்த்துக்கொள்கிறேன் என்று நினைத்தேன். இரண்டு பேர் வீடியோவில் காத்திருந்தார்கள். நாளைக்கு என்று தள்ளினேன். மறுநாள் அவள் பெயரைப் பார்த்தாலே உறுத்தியது. அதனால்தான் சத்தத்தை நிறுத்தினேன். அதன்பிறகு நிஜமாகவே மறந்துவிட்டேன்.

இது சோம்பேறித்தனம். இதற்கு மன்னிப்பு உண்டு. அடுத்தது இல்லை.

ஆகஸ்ட் முதல் தேதி அக்கா ‘யார்’ என்று கேட்டபோது, சுகந்தியால் வாய் திறக்க முடியாது என்று எனக்குத் தெரிந்திருந்தது. செய்தியை மறைத்தாள் என்றால் அலட்சியம், திட்டோடு போய்விடும். எனக்கு அனுப்பினாள் என்று நிரூபித்தால், வாடிக்கையாளர்களைக் கொண்டுபோனவளுக்கு அவள் கையாள் என்று ஆகிவிடும். வேலையே போய்விடும். அவளிடம் ஆதாரம் இருந்தது, காட்ட வழியில்லை. யோசிக்காமல் அவள் பெயரைச் சொல்லவில்லை நான். யோசித்துத்தான் சொன்னேன். ஒரு விநாடி போதுமாக இருந்தது.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

ஷெட்டுக்குப் போனேன். நேரில் போகாமல் வீடியோ அழைப்பிலேயே சொல்லிவிடலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். எப்பேர்ப்பட்ட பிறவி நான்.

அக்கா மிளகாய் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார். எதிரில் உட்கார்ந்து நானும் கிள்ள ஆரம்பித்தேன். முகவரி மாற்றாமல் விட்டது நான், நோட்டீஸ் எனக்கும் வந்தது, சுகந்தி மறுநாளே என்னிடம் சொல்லிவிட்டாள், எல்லாவற்றையும் சொன்னேன். போன ஆர்டருக்கு ஈடாக மாதாமாதம் தவணையில் பாதியை நான் கட்டுகிறேன் என்றேன்.

அவர் கை நிற்கவில்லை. காம்பு கிள்ளிய மிளகாய் ஒரு முறம் நிறைந்தது.

“ஆர்டரு போனது போகுது. நீ மறந்ததும் போகுது, மனுசப் பொறப்பு. என்ற வாயில அந்தப் புள்ளைய வைய வெச்சயே, அத நான் எங்க கொண்டுபோய்க் கழுவுவேன்?”

மிளகாய்க் கையால் கண்ணைத் துடைத்துவிட்டேன். அதன்பிறகு எது எதற்கான அழுகை என்று எனக்கே தெரியவில்லை. அவர் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை சுகந்தி வீட்டுக்கு என்னைக் கூட்டிப் போ என்றார். தவணையைப் பற்றிப் பேசவில்லை.

செப்டம்பர் 1, ஞாயிறு

சுகந்தி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். எங்கள் இருவரையும் சேர்த்துப் பார்த்ததும் கையிலிருந்த போர்வையை மறுபடியும் வாளியில் போட்டாள். உள்ளே அவள் கணவர் படுத்திருந்தார். அதனால் மூவரும் வாசலிலேயே நின்றோம்.

மயிலாத்தாள் அக்கா அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, தெரியாமல் பேசிவிட்டேன் என்றார். சுகந்தி, பரவாயில்லைங்க அக்கா என்றாள். என் பக்கம் திரும்பவில்லை. நாளைக்கே ஆடிட்டரிடம் போய் நடந்ததை நடந்தபடி சொல்லப்போகிறேன் என்று நான் ஆரம்பித்தேன். ராத்திரியெல்லாம் தயார் செய்து வைத்திருந்த பேச்சு. பாதியில் நிறுத்தினாள்.

“சொன்னா உனக்கு மனசு லேசாயிரும் பானு. எனக்கு வேலை போயிரும். எதுக்கு வந்தே, எனக்காகவா, உனக்காகவா?”

பன்னிரண்டு வருடம் ஒரே டிபன் டப்பாவில் இரண்டு பேரும் சாப்பிட்டிருக்கிறோம். அவள் என்னிடம் குரலை உயர்த்தியதே இல்லை. இன்றும் உயர்த்தவில்லை. போனை எடுத்து அந்தச் செய்தியை என் கண்ணெதிரே அழி என்றாள். அவள் பக்கம் எப்போதோ அழித்துவிட்டாளாம். அழித்தேன். என் தப்புக்கு இருந்த ஒரே சாட்சியை அவளே அழிக்கச் சொன்னாள். எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். அவள் என்னைக் கன்னத்தில் அறைந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

திரும்பி வரும்போது வண்டியின் பின்னாலிருந்து அக்கா கேட்டார். அந்த ஆடிட்டர் நாளைக்கு எத்தனை மணிக்கு வருவார்? பத்தரைக்கு என்றேன். அந்த நேரத்துக்கு அங்கே கொண்டுபோய் விடு என்றார். அங்கே போய் என்ன சொல்வீர்கள் என்று கேட்டதற்கு, வண்டியைப் பார்த்து ஓட்டு என்றார்.

செப்டம்பர் 2, திங்கள்

பத்தரைக்குக் கொண்டுபோய் விட்டேன். மேலே வரவா என்றேன். நீ வந்தால் காரியம் கெடும், இங்கேயே இரு என்றார். எதிர்ப்புறம் மருந்துக்கடை நிழலில் நின்றேன்.

அரைமணி நேரம் கழித்து இறங்கி வந்தார். கூடவே சுகந்தியும் வாசல்வரை வந்தாள். தெருவுக்கு அந்தப் பக்கம் நின்ற என்னைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். உள்ளே போய்விட்டாள்.

மேலே நடந்ததை வழியில் ஒரு பேக்கரியில் உட்கார்ந்து அக்கா சொன்னார். அன்று நின்ற அதே இடத்தில், ஹாலின் நடுவில் போய் நின்றிருக்கிறார். எல்லோரும் கேட்கட்டும் என்று ஆடிட்டரையும் வெளியே கூப்பிட்டிருக்கிறார். தப்பு என்னுடையது, இந்தப் பெண் நோட்டீஸ் வந்த அன்றைக்கே எனக்குப் போன் போட்டுச் சொன்னது, நான்தான் மிஷின் ஓடுகிற சத்தத்தில் காதில் வாங்காமல் விட்டுவிட்டேன், இப்போதுதான் நினைவு வந்தது, வயதாகிவிட்டது, மன்னித்துவிடுங்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறார். கணக்கையும் இங்கேயே திரும்பக் கொண்டுவந்துவிடுகிறேன், இந்தப் பெண்தான் பார்க்க வேண்டும் என்றாராம். ஆடிட்டருக்கு அந்தக் கடைசிப் பேச்சு மிகவும் பிடித்துப்போய்விட்டது. நாளையிலிருந்து சுகந்தி மறுபடியும் அவளுடைய மேஜையில் உட்காருவாள்.

“பொய்தான். இருந்தாலும் அந்தப் புள்ளைக்கு ஒண்ணும் ஆவாதில்ல,” என்றார். டீயை ஊதி ஊதிக் குடித்தார். அவருடைய காகிதங்களை எல்லாம் ஒரு பையில் போட்டு நாளைக்குள் கொடுத்துவிடச் சொன்னார். தம்பி கணக்கையும் செருப்புக்கடைக் கணக்கையும் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவர்களை விட்டுவிடுவதாக நானே சொன்னேன். தலையசைத்தார். தவணையில் பாதி என்று மறுபடியும் ஆரம்பித்தேன். சரி, கட்டு, வேண்டாம் என்று சொல்லும் நிலையில் நான் இல்லை என்றார்.

தப்புச் செய்தவள் நான். நஷ்டப்பட்டது மயிலாத்தாள் அக்கா, பழி சுமந்தது சுகந்தி. இன்று அத்தனை பேர் முன்னால் கையெடுத்துக் கும்பிட்டவரும் அக்காதான். அந்த நேரம் நான் மருந்துக்கடை நிழலில், ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் நின்றிருந்தேன்.